பக்கெட்டில் தண்ணீர் விழவில்லை

எங்கள் வீட்டு ஏ.சி. கெட்டுப்போனதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். படுக்கையறை ஏ.சி.யின் டிரெயின் குழாய் பின்பக்கம் ஒரு பக்கெட்டில் வந்து விழும். ராத்திரி முழுக்க ஓடினால் விடியும்போது பக்கெட் நிறைந்திருக்கும். அதைத்தான் அம்மா கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் ஊற்றுவார். மே இரண்டாவது வாரம், சென்னையில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், "ராத்திரி ஏ.சி. போட்டீங்களா இல்லியாடா? பக்கெட்ல கால்வாசிகூட இல்ல" என்றார். போட்டிருந்தோம். நடுராத்திரியில் புழுக்கமாக இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வோல்டேஜ் குறைவாக இருக்கும் என்று நினைத்து, ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுத் தூங்கியிருந்தேன்.

நம் ஊர் ஏ.சி.க்கு அறையைக் குளிரவைப்பதோடு காற்றின் ஈரத்தைப் பிழிவதும் பெரிய வேலை. உள்ளே இருக்கும் காயில், அதாவது தகடுகள் கோத்த குழாய்ச் சுருள், நன்றாகக் குளிர்ந்தால்தான் ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படிந்து, தட்டில் வடிந்து, குழாய் வழியே வெளியே வரும். தண்ணீர் நின்றுவிட்டதென்றால் டிரெயின் அடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காயில் குளிரவில்லை. டிரெயின் அடைத்திருந்தால் உள்ளே சுவரில் ஒழுகியிருக்கும். சுவர் காய்ந்தே இருந்தது.

எங்களுடையது 2018-ல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட். மூன்று ஸ்டார், இன்வெர்ட்டர் இல்லாத சாதா வகை, ஆர்32 கேஸ். அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியில், மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறது. இந்த விவரம் எல்லாம் பின்னால் தேவைப்படும்.

அன்று சாயங்காலம் ஒரு மெக்கானிக் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், சட்டை முழுக்க வியர்வை. இண்டோர் யூனிட்டின் மூடியைத் திறந்து, தடித்த செம்புக் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"கேஸ் போயிடுச்சு சார். பைப் ஜில்லுன்னே இல்ல. 3,800 ஆகும்."

"தம்பி, ஆம்பியர் பாத்தீங்களா?"

"பைப்பே ஜில்லுன்னு இல்லியே சார், அப்புறம் ஆம்பியர் எதுக்கு?"

வந்து பார்த்ததற்கான பணத்தைக் கொடுத்து, நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவர் சொன்னது நடக்கவே நடக்காத விஷயம் இல்லை. கடலோர ஊரில் உப்புக்காற்று காயிலை அரித்து கேஸ் கசிவது சாதாரணமாக நடப்பது. ஆனால் ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சமாச்சாரம் கிடையாது. மூடிய குழாய்க்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது அது. வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருஷா வருஷம் யாராவது கேஸ் நிரப்புகிறோமா? குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். அந்த ஓட்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

ராத்திரி நானே உட்கார்ந்தேன். ரிமோட்டில் குளிர்ச்சிக்கான பனிப்பூ அடையாளம் இருக்கிறது, 24-ல் இருக்கிறது. ஃபில்டரில் பதினைந்து நாள் தூசி. கழுவி மாட்டினேன், வித்தியாசம் இல்லை. ஸ்டெபிலைசர் 220 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது. சமையலறையில் கிடந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஏ.சி. காற்று வெளிவரும் வாயில் செருகிவைத்தேன். அறை 32 டிகிரி, வருகிற காற்று 29. நல்ல நிலையில் இருக்கும் ஏ.சி.யில் இந்த இரண்டுக்கும் நடுவே 10 டிகிரியாவது வித்தியாசம் இருக்கும்.

ஏ.சி.யை நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் சும்மா விட்டு, மறுபடி போட்டேன். அப்போதுதான் முதல் துப்பு கிடைத்தது. வந்த காற்று மளமளவென்று 19 டிகிரிக்கு இறங்கியது. நாலைந்து நிமிஷம் அப்படியே இருந்து, பிறகு மெல்ல ஏறி மறுபடி 29-க்கே போய்விட்டது. கேஸ் குறைந்த ஏ.சி. முதல் நிமிஷத்திலிருந்தே சோனியாகத்தான் குளிரும். இது திடமாக ஆரம்பித்து நடுவில் நிற்கிறது. யாரோ அதை நிறுத்துகிறார்கள்.

டார்ச்சையும் கிளாம்ப் மீட்டரையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கிளாம்ப் மீட்டர் என்பது ஒற்றை ஒயரைச் சுற்றிக் கவ்வி, அதில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டுவது. ஒயரை வெட்டவோ கழற்றவோ வேண்டாம். வீட்டில் வைத்திருக்க வேண்டிய கருவி என்று யார் கேட்டாலும் சொல்வேன். கீழே மனைவி போனில் இருந்தாள். "போட்டாச்சுங்க" என்றாள். மூன்று நிமிஷம் ஒன்றும் நடக்காது. கம்ப்ரஸருக்குப் பாதுகாப்பாக வைத்த இடைவெளி அது. பிறகு "ம்ம்ம்" என்று கம்ப்ரஸர் கிளம்பியது. டார்ச்சைத் தூக்கி கிரில்லுக்குள் அடித்தேன். விசிறி அசையாமல் நின்றது.

ஆம்பியர் 8-ல் ஆரம்பித்தது. ஒரு நிமிஷத்தில் 9. பிறகு 10.5, 11.6. பன்னிரண்டைத் தாண்டியதும் "டக்" என்று ஒரு சத்தம், மீட்டர் 0.4-க்கு விழுந்தது. சூடு மீறினால் தானாகக் கரண்டை நிறுத்தும் ஓவர்லோடு சுவிட்ச், கம்ப்ரஸரைக் காப்பாற்றுவதற்காகத் துண்டித்துவிட்டது. யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த விவரப் பிளேட்டில் வழக்கமான அளவாக எழுதியிருந்தது 7.6 ஆம்பியர்.

எனக்குத் தேவையான பதில் அந்த எண்களில் இருந்தது. கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரஸருக்கு அழுத்த வேண்டிய சரக்கே குறைவு. ஆம்பியர் பிளேட்டில் போட்டிருப்பதைவிடக் கீழே, நாலு ஐந்து என்று இருக்கும். மெல்லிய குழாயிலோ காயிலின் முதல் வளைவுகளிலோ பனி படியும். இங்கே நடப்பது நேர் எதிர். உள்ளே கேஸ் இருக்கிறது, அது சுமந்து வந்த சூட்டைக் கொட்ட வழியில்லை. ஒன்றரை டன் ஏ.சி. அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் சூட்டை இழுக்கிறது. கம்ப்ரஸர் தின்னும் கரண்ட் 1.6 கிலோவாட் அளவில் அதனோடு சேரும். ஆக மொட்டை மாடியில் ஆறரை கிலோவாட்டை வெளியே தள்ளியாக வேண்டும். மூன்று இண்டக்ஷன் அடுப்பை முழு வேகத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் எரியவிட்ட மாதிரி. விசிறி நின்றுபோனால் ஐந்து நிமிஷம்கூடத் தாங்காததில் ஆச்சரியமில்லை. சூடேறிய ஓவர்லோடு ஆறித் திரும்ப ஒட்ட, இந்த வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகும். ராத்திரி பூராவும் ஐந்து நிமிஷம் குளிர், ஒரு மணி நேரம் வெறும் காற்று என்று ஓடியிருக்கிறது. கால் பக்கெட்கூட நிறையாதது அந்தக் கணக்கில்தான்.

மெக்கானிக் தம்பி குழாயைத் தொட்டபோது அது ஏன் ஜில்லென்று இல்லை என்பதும் புரிந்தது. அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நான் ஏ.சி.யைப் போட்டு வைத்திருந்தேன். அவர் கை வைத்த நேரத்தில் கம்ப்ரஸர் ஓடவே இல்லை. ஓடாத கம்ப்ரஸரின் குழாய் எப்படிக் குளிரும்? அவர் மாடிக்கு வரவில்லை, நானும் கூட்டிப் போகவில்லை.

விசிறி ஏன் சுற்றவில்லை? பேரிங் இறுகியிருக்கலாம், மோட்டார் எரிந்திருக்கலாம், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு பிளேடைத் தள்ளினேன், வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. பேரிங் நன்றாக இருக்கிறது. ஓவர்லோடு ஆறியதும் மறுபடி போடச் சொல்லி, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, கிரில் வழியாக பிளேடை லேசாக நெட்டினேன். தயங்கித் தயங்கிச் சுற்ற ஆரம்பித்து, அரை நிமிஷத்தில் வேகம் பிடித்துவிட்டது. கையால் தள்ளினால்தான் சுற்றும் பழைய சீலிங் ஃபேனைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதே வியாதிதான். இந்தச் சோதனையை விரலாலோ ஸ்க்ரூடிரைவராலோ யாரும் செய்துவிடாதீர்கள். பிளேடு பிடித்துக்கொண்டால் ஈர்க்குச்சி உடையும், வேறொன்றும் ஆகாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், மூடியைக் கழற்றினேன். எம்.சி.பி.யை இறக்கி, ஸ்டெபிலைசர் பிளக்கையும் பிடுங்கி, பிளக்கைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள முடியாத குறைக்கு, சுவிட்ச்மேல் "போடாதே" என்று காகிதம் ஒட்டிவிட்டு வந்தேன். உள்ளே இரண்டு கெபாசிட்டர். கம்ப்ரஸருக்கு அலுமினிய டப்பா போல ஒன்று, 50 மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவைச் சொல்லும் அளவு அது). விசிறிக்குத் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று, 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். எந்த ஒயர் எந்தக் காலில் என்று போனில் நாலு படம் எடுத்துக்கொண்டேன்.

கெபாசிட்டர் மெயினை அணைத்த பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். தொட்டால் தூக்கிப் போடும். 100 வாட் குண்டு பல்பு ஹோல்டரிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து, அதை ஒவ்வொரு கெபாசிட்டரின் இரண்டு கால்களிலும் சில நொடிகள் வைத்து இறக்கினேன். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். கெபாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல். மல்டிமீட்டரில் வைத்தேன். பெரியது 48.6. ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம், எனவே ஆரோக்கியம். சின்னது 0.7. அதன் முதுகில் லேசான உப்பல்.

கடைக்குப் போனால் வார்த்தையில் ஒரு சிக்கல். நம் ஊரில் ஃபேனுக்குப் போடும் கெபாசிட்டரை எல்லோரும் கண்டென்சர் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். ஏ.சி. கடையில் கண்டென்சர் என்றால் வெளியே இருக்கிற காயில். பழையதைக் கையில் கொண்டுபோனதால் பிழைத்தேன். முதல் கடையில் 2.5 இல்லை. "நாலு போடுங்க சார், எல்லாரும் இதத்தான் போடுறாங்க, இன்னும் நல்லா இழுக்கும்" என்றார். வாங்கவில்லை. மதிப்பு கூடினால் மோட்டாரின் துணைச் சுற்றில் கரண்ட் கூடி, நாளடைவில் மோட்டாரையே சுட்டுவிடும். வோல்ட் எண் பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம், மைக்ரோஃபாரட் எண் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டாவது கடையில் கிடைத்தது. தொண்ணூறு ரூபாய்.

மாட்டிப் போட்டதும் விசிறி தானாகக் கிளம்பியது. ஆம்பியர் 7.4. அரை மணி நேரத்தில் அறை 27, வருகிற காற்று 15. பின்பக்கம் பக்கெட்டில் சொட்டு விழும் சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆங், வருது" என்றார். அவ்வளவுதான் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டரை மணி. அம்மா படுத்திருந்தவர் எழுந்து வந்து, "மறுபடியும் வெறும் காத்துதாண்டா வருது" என்றார்.

அந்த நேரம் எனக்கு மனசே விட்டுப்போனது. ஒருவேளை கேஸும்தானோ என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினேன். தரையில் கால் வைக்க முடியவில்லை. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆம்பியர் 10-ஐத் தாண்டிப் போய், கண்ணெதிரிலேயே துண்டித்தது. அப்படியானால் பழைய கதையேதான், சூடு போக வழியில்லை. விசிறி சுற்றியும் வழியில்லை.

முன்பக்கம் பார்த்தால் யூனிட் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் விசிறி முன்பக்கம் தள்ளுகிற காற்று, பின்பக்கமும் பக்கவாட்டிலும் இருக்கும் காயில் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு வருவது. பின்பக்கத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. தலை நுழையாது. போனை அந்த இடுக்கில் விட்டு ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தேன். படத்தில் அலுமினியத் தகடுகள் தெரியவே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி போர்த்தியிருந்தது. பக்கத்து மனையில் எட்டு மாதமாக வீடு கட்டுகிறார்கள். டைல்ஸ் அறுக்கும் தூசி, சிமெண்ட், அதற்குமேல் புறாச் சிறகுகள். ஈரக்காற்றில் சிமெண்ட் ஊறி அடைபோலப் பிடித்திருந்தது.

கெபாசிட்டர் ஏன் செத்தது என்பதற்கும் பதில் அங்கேயே இருந்தது என்று நினைக்கிறேன். உள்ளே பிளாஸ்டிக் ஃபிலிமைச் சுற்றிச் செய்ததுதான் அது. சூடு கூடக்கூட அதன் ஆயுள் குறையும். மேற்கு வெயில், அடைத்த காயில், மூச்சு விட முடியாத பெட்டி, அதற்குள் பல மாதம் வெந்திருக்கிறது. நான் தொண்ணூறு ரூபாய்க்குப் புதுசு மாட்டிவிட்டு, அதே அடுப்புக்குள் அதையும் தள்ளியிருந்தேன். ராத்திரியில் சமாளித்தது, 40 டிகிரி மதியத்தில் முடியவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு கழுவினேன். கொதிக்கிற காயிலில் தண்ணீர் அடிக்கக் கூடாது, ஆற வேண்டும். மெயின் அணைத்து, மேல் மூடியைக் கழற்றி, மின்சாரப் பகுதியை பாலிதீன் பையால் இறுக்கிக் கட்டினேன். ஹோஸைக் கையில் பிடித்து, விரலால் அழுத்தாமல், உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடித்தேன். காற்று அழுக்கை வெளியிலிருந்து உள்ளே இழுத்து அடைத்திருப்பதால், எதிர்ப்பக்கமாகத் தள்ளினால்தான் அது கழன்று வரும். வெளியிலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் உட்காரும். பைக் கழுவும் பிரஷர் வாஷரைக் கொண்டுவரலாம் என்று மைத்துனர் சொன்னார், வேண்டாம் என்றேன். அந்தத் தகடுகள் நகத்தால் தொட்டாலே மடங்குகிறவை, மடங்கினால் காற்று வழி நிரந்தரமாக அடைபடும். முதலில் வந்தது சிமெண்ட் பால். கொஞ்ச நேரம் ஊறவிட்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை. நாலாவது முறைதான் தெளிந்த தண்ணீர் வந்தது. டார்ச்சை உள்ளே வைத்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. மடங்கியிருந்த தகடுகளைப் பழைய டூத்பிரஷால் மேலிருந்து கீழாக நீவிவிட்டேன், பாதிக்கு மேல் நிமிர்ந்தன. இரண்டு மணி நேரம் காயவிட்டுப் போட்டேன். 7.1 ஆம்பியர்.

சுவர் இடைவெளியை மட்டும் நானே சரிசெய்யத் துணியவில்லை. யூனிட்டை நகர்த்தினால் செம்புக் குழாய் மடங்கலாம், இணைப்பு விட்டுப்போகலாம். அப்போது கேஸ் உண்மையாகவே போய்விடும். அதே மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். மாடிக்கு அழைத்துப்போய் பழைய கெபாசிட்டரையும் போனில் எடுத்த படத்தையும் காட்டினேன். குறை சொல்வதற்காகக் காட்டவில்லை, அது அவருக்கும் புரிந்தது. கெபாசிட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு மேல வந்து பாத்திருக்கணும் சார். உங்களுது அன்னிக்குப் பதினாலாவது வீடு. பைப்பத் தொட்டதும் கேஸுன்னு வாய்ல வந்திடுச்சு."

பதினான்கு வீடு. அந்த வெயிலில், அத்தனை மொட்டை மாடிகளில். மே மாதத்தில் நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறோம், ஒரே நாளில் வரவேண்டும் என்கிறோம். அம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்து, "உக்காந்து குடிப்பா, அப்புறம் பாக்கலாம்" என்றார். குடித்துவிட்டு, பின்னால் வளையமாகச் சுற்றி வைத்திருந்த மிச்சக் குழாயைப் பொறுமையாகப் பிரித்து, ஓர் இணைப்பைக்கூடத் திறக்காமல் யூனிட்டை ஒன்றேகால் அடி முன்னுக்கு நகர்த்தினார். அந்த லாவகம் எனக்கு வராது. கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்கவா என்று கேட்டார். ஆம்பியரும் குளிரும் சரியாக இருக்கிறதே, மாட்டிக் கழற்றும்போது கொஞ்சம் கேஸ் வீணாகும், வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தோம்.

அவரிடமே கேட்டேன், நிஜமாகவே கேஸ் கசிந்திருந்தால் சரியான முறை என்ன என்று. தடதடவென்று சொன்னார். சோப்பு நுரை வைத்து லீக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். மிச்ச கேஸை எடுத்துவிட்டுத்தான் ஓட்டையைப் பற்றவைத்து அடைக்க வேண்டும், ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வாக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். கடைசியில் பிளேட்டில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசு வைத்து நிரப்ப வேண்டும். எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதினான்கு வீட்டுக்கு நடுவில் அதைச் செய்ய நேரம்தான் இல்லை.

உங்கள் ஏ.சி. இன்வெர்ட்டர் வகையென்றால் நான் மூடியைத் திறந்த கதையைப் பின்பற்ற வேண்டாம். அதன் போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. பிடித்து வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் உண்டு, மெயின் அணைத்த பிறகும் சில நிமிஷம் உயிரோடு இருக்கும். பலவற்றில் விசிறியே டி.சி. மோட்டார், ஈர்க்குச்சி வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை. விசிறி சுற்றுகிறதா, பின்பக்கக் காயில் அடைத்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பது மட்டும் எந்த ஏ.சி.க்கும் பொருந்தும்.

பக்கெட் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. உப்பில்லாத தண்ணீர்தானே என்று அதை வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காயிலின் தூசியும் உலோகத் துணுக்கும் அதில் கலந்திருக்கும். செடிக்கும் தரை துடைக்கவும் போதும், பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டரே வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்.சி.பி. பெட்டிக் கதவின் உள்பக்கம் இப்போது ஒரு காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு வேலை முடியும்வரை மாதம் ஒரு முறை காயில் கழுவ வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறது. அதன் கீழே கடைசியாக எழுதியது: மே 26, மதியம் 2.20. வெளியே 40, அறை 27, காற்று 15. ஆம்பியர் 8.0. பக்கெட் காலையிலேயே நிறைந்து வழிந்திருந்தது. இன்னும் பெரிய பக்கெட்டாக ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறார் அம்மா.